கையெழுத்துத் தோட்டம்

முத்தம்மாளின் பெயரை நான் சொன்னேனா, அவள் நின்ற பக்கம் கையை மட்டும் நீட்டினேனா என்பது இப்போது சரியாக நினைவில்லை. அந்தத் தோட்டத்துப் பாலம் சிவப்பா பழுப்பா என்றுகூட அடித்துச் சொல்ல முடியாது. நான் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

கோவில்பட்டியில் கிளை நூலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சென்னைக்கு அதுதான் முதல் பயணம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் என் தம்பி அஜித்குமாருக்கு பிரஸ் மெஷினில் வலது கை விரல்கள் இரண்டு போய்விட்டன. பத்தாம் நாள் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். துணைக்குப் போனேன்.

ஆபீசில் எங்களை உட்கார வைக்கவில்லை. "உள்ள ஒரே சத்தம் சார். தோட்டத்துல பேசலாம்," என்றார் மனோகரன். ஊழியர் பிரிவின் மேலாளர். மெல்லிய குரல்.

ஜப்பானிலிருந்து வரும் வாடிக்கையாளர்களுக்காகப் போட்ட தோட்டமாம். வெளியே லாரிகளின் இரைச்சல். உள்ளே நுழைந்ததும் மூங்கில் வரிசை அதை விழுங்கிவிட்டது. வெள்ளைச் சரளையில் சீப்பால் வாரியதுபோல் வளைகோடுகள். நடுவே மூன்று பாறைகள். அப்பால், வாசலுக்குப் போகும் வழியில் ஒரு சின்னப் பாலம். ஒரு மூங்கில் குழாய் நீர் நிரம்பிச் சாய்ந்து, கொட்டி, திரும்ப நிமிரும்போது கல்லில் 'டொக்' என்று தட்டியது. ஓரத்தில் ஒரு பெண் மரவாரியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை.

எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. இதைச் சொல்லத்தான் கூசுகிறது. பேச்சற்ற இடங்களில்தான் எனக்கு மூச்சு சீராக வரும். ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே காத்திருந்தேன். ரயிலில் வரும்போது கேட்க வேண்டுமென்று அடுக்கி வைத்திருந்த கேள்விகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன.

மனோகரன் ஒரு காகிதத்தை நீட்டினார். தம்பி தன் கவனக்குறைவால்தான் மெஷினுக்குள் கையை விட்டான், கம்பெனிமேல் தவறில்லை என்று எழுதியிருந்தது.

"பொய்யிண்ணே," என்றான் தம்பி. "சென்சார மூணு வாரமா ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க. அது இருந்திருந்தா மெஷின் தானா நின்னுருக்கும்."

மனோகரன் பலகையைக் காட்டிப் புன்னகைத்தார். "மெதுவா, தம்பி. இது சும்மா ஃபார்மாலிட்டி. உங்களுக்கு லேசான வேலையா மாத்திக் குடுத்துருவோம்."

டொக்.

"போட்டுருல அஜித்து. சண்ட வேண்டாம்," என்றேன் நான்.

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு இடது கையால், பழகாத குழந்தைபோல், கோணலாகக் கையெழுத்திட்டான்.

மனோகரன் காகிதத்தை மடித்துக்கொண்டு கிளம்பினார். வாரியோடு அந்தப் பெண் அருகில் வந்தாள். கழுத்து அட்டையில் முத்தம்மாள் என்றிருந்தது.

"கையெய்த்து போட்டுட்டியா நைனா?"

"போட்டாச்சு."

"இன்னா ஆளுய்யா நீ! பாத்தா பட்ச்சவன் மாதிரி கீறே. போன மாசம் ஒரு பையன், அதுக்கு முன்ன ரெண்டு பேரு. கட்டு போட்ட கையோட இங்கதான் இட்டாந்து குந்த வெப்பான். அல்லாரும் பொட்டிப்பாம்பாட்டம் போட்டுட்டுப் போவாங்க. ஒருத்தனாச்சும் திரும்ப வேலைக்கு வரணுமே? அவுங்க காலடிய அழிச்சு கோடு போடறதே நான்தான்."

மனோகரன் பாலத்தில் போய்க்கொண்டிருந்தார். சுற்றுப்பாதையை விட்டுச் சரளையின் குறுக்கே ஓடினேன்.

"அந்தக் காயிதத்தக் குடுய்யா!"

நாற்பத்தொரு வயதில் முதன்முறையாகக் கத்தினேன். அதுவரை விழுங்கியதெல்லாம் அந்தக் கத்தலில் வந்தது. மனோகரன் குரலை உயர்த்தவே இல்லை.

"நல்லாத்தானே பேசிட்டிருந்தோம் சார். யாரு என்ன சொன்னாங்க?"

அந்தக் கேள்வி எதற்கென்று அப்போது உறைக்கவில்லை. சொல்லிவிட்டேன், அல்லது காட்டிவிட்டேன். அவர் பார்வை என்னைத் தாண்டிப் போய் அந்த மரவாரிமேல் நின்றது. அது மறக்கவில்லை.

காவலாளிகள் வந்தார்கள். காகிதம் கிடைக்கவில்லை. கேட்டுக்கு வெளியே தம்பி சொன்னான்: "இத முன்னாடி கத்திருக்கணும்ண்ணே."

மூன்று மாதத்தில் அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வழக்குப் போட்டோம், அவன் கையெழுத்தையே எடுத்து நீட்டினார்கள், இன்னும் முடியவில்லை. திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு மருந்துக்கடையில் நிற்கிறான். என்னோடு அளவாகப் பேசுகிறான். முத்தம்மாளை நான் கத்திய மறுநாளே வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். ஐயப்பன்தாங்கலில் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். சாட்சி சொல்ல வருவாளா என்று கேட்கப் போனேன், கதவைத் திறக்கவில்லை. மனோகரன் அதே கம்பெனியில் இருக்கிறார். நான் நூலகத்தில் இருக்கிறேன்.