கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு பகடை

இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, சத்தியம். கூட்டிச் சொல்லும் பழக்கம் இருந்திருந்தால் பொம்மைகள் பேசின என்றே சொல்லியிருக்கலாம். அவை பேசவில்லை.

மருந்துக்கடை மாடியில் ஞாயிறு மதியம்தோறும் நாலு பேர் கூடி ஒரு போர் நடத்துவார்கள். பழைய கதவு இரண்டை ஒட்டிப் போட்ட மேசை. அதன்மேல் ஒரு கம்பளி. கம்பளிக்கு அடியில் செருகிய தடித்த புத்தகங்கள்தான் குன்றுகள், மேலே நீட்டிப் போட்ட நீல ரிப்பன்தான் ஓடை. விரல் மூட்டு உயரத்துக்கு ஈயப் பொம்மைகள். ஒரு பக்கம் துப்பாக்கியோடு துரைப் படை, எதிர்ப்பக்கம் ஈட்டியோடு ஊர்க்காரர்கள். நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன் நிஜமாகவே நடந்த சண்டை.

துரைப் படையை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற சர்வேயர். அளவுநாடாவை விரித்துப் பார்ப்பார். துப்பாக்கி எட்டும் தூரத்தில் நிற்பவன் செத்தான். மருந்துக்கடைக்காரரும் ஒயர்மேனும் அவர் கட்சி. ஊர்க்காரர்களை நடத்துகிறவர் சர்வேயரின் தங்கை புருஷன், பல் செட் கட்டுகிற தொழில். ஆறு வருடமாக ஒரு ஞாயிறு விடாமல் தோற்றவர். வீட்டுக்குப் போனால் மனைவி, “எங்கண்ணன் இன்னிக்கு எத்தன மணிக்கு ஜெயிச்சாரு?” என்றுதான் கேட்பாள்.

தோற்பது அவருக்குப் பெரிதில்லை. அவரை அரித்தது ஒரு விதி. துரைப் படையில் ஒருவன் விழுந்தால் பகடை உருட்டுவார்கள். ஆறு விழுந்தால் வெறும் காயம், எழுந்துவிடுவான். ஊர்க்காரன் விழுந்தால் பகடை கிடையாது. நேராக, செத்தவர்களைப் போடும் பிஸ்கட் டின்.

“மச்சான், எங்க கொள்ளுத்தாத்தா இந்த ஓடையிலதான் செத்தாரு. அவருக்கு மட்டும் ஒரு உருட்டு குடுங்க.”

“உங்க கொள்ளுத்தாத்தாவுக்குக் குடுத்தா, மத்தவன் கொள்ளுத்தாத்தாவெல்லாம் வரிசையில வந்து நிப்பான் மாப்ள.”

“நின்னா என்ன?”

“ஆட்டம் முடியாது.”

மருந்துக்கடைக்காரர் சமாதானம் சொன்னார். “துரைங்களுக்கு ஆஸ்பத்திரி இருந்துச்சு, இவங்களுக்கு இல்ல. சரித்திரத்துக்கு ஒரு மரியாத வேணும்ல?”

 பல் செட்காரர், பெயிண்ட் உரிந்துவிட்டது என்று சொல்லி, நூற்றிருபது ஊர்க்காரர்களையும் வீட்டுக்கு எடுத்துப்போனார். அவர் பட்டறை அலமாரியில் பாதி ஊரின் தாடை சுண்ணாம்பு அச்சாக வரிசையில் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, ஒரே முடி வைத்த தூரிகையால் ஒவ்வொரு பொம்மைக்கும் தெரிந்தவர் முகத்தையும் பல்லையும் போட்டார். முடிகளைத் தன் புருவத்திலிருந்தே பிடுங்கினார். நாலு மாதத்தில் வேலை முடிந்தபோது இடது புருவம் இல்லை.

அடுத்த சண்டையில் முதல் வேட்டுக்குப் பதினோரு பேர் விழுந்தார்கள். எடுக்கப் போன மருந்துக்கடைக்காரரின் கை பாதியில் நின்றது.

“இது எங்கப்பா.”

“ஈட்டி வச்சிருக்காரேய்யா,” என்றார் சர்வேயர்.

“மேல்வரிசையில தங்கப்பல்லு. எங்கப்பாவேதான்.”

அப்பா டின்னுக்குப் போகவில்லை, சட்டைப்பைக்குப் போனார். ஒயர்மேன் தன் அண்ணனையும் அண்ணியையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். லென்ஸோடு குனிந்த சர்வேயருக்கு, குன்றின்மேல் ஈட்டியை ஓங்கி நின்ற மாமியார் கண்ணில் பட்டார். தன் முறையை அப்படியே விட்டுக்கொடுத்தார். பாசத்தாலா பயத்தாலா என்று யாரும் கேட்கவில்லை. நாலு மணிக்குள் வாத்தியார், போஸ்ட்மேன், பக்கத்து வீட்டார் என்று எல்லோரும் பைகளில் ஏறிவிட்டார்கள். பை கனத்ததில் மூவரின் சட்டையும் முன்பக்கம் தொங்கியது.

மேசையில் ஒரே ஒருவர் மிச்சம், ஓடை ஓரத்தில். அவருக்குப் படமும் இல்லை, பல் அச்சும் இல்லை. கண்ணுக்கு இரண்டு புள்ளி மட்டும் வைத்திருந்தது.

“இது யாரு?”

“எங்க கொள்ளுத்தாத்தா.”

மூவரும் குனிந்து, நிஜமாகவே அக்கறையோடு பார்த்தார்கள்.

“நமக்குத் தெரிஞ்ச முகமா இல்லையே மாப்ள.”

“ஒரே உருட்டு மச்சான்.”

சர்வேயர் நாடாவை விரித்தார். எட்டியது. மருந்துக்கடைக்காரர் இரண்டு விரலால் எடுத்து டின்னில் போட்டார்; உள்ளே வேறு யாரும் இல்லாததால் சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. ஒரே ஒரு சாவோடு முடிந்த போர் அது ஒன்றுதான். மூவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு டீ குடித்தார்கள். பல் செட்காரருக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார்கள், குடித்தார்.

பல் செட்காரரின் நிஜக் கொள்ளுத்தாத்தா அந்தச் சண்டையில் துரைப் படையில் நின்று சுட்டவர். பென்ஷன் வாங்கி, எண்பத்திரண்டாம் வயதில் தூக்கத்தில் இறந்தார்.