வேலியோரத்து மாத்தி

"எங்க ஜாவா வீட்டுல கோழி செத்தாத்தான் மாத்திங்கற வார்த்தையைச் சொல்வோம்" என்று சொல்லியிருந்தார் வகிமன்.

"மனுஷங்க செத்தா?" என்று கேட்டாள் தேவ்கலி.

"அப்படிச் சொன்னா எங்கம்மா வாயிலயே போடுவாங்க. மனுஷங்களுக்கு மரியாதையா வேற வார்த்தை இருக்கு. மாத்தின்னா கோழி, ஆடு, பேட்டரி. அவ்வளவுதான்."

"எங்க பீகார் பேச்சுல அது மண்ணு. என்ன, நாக்கைக் கொஞ்சம் மடிக்கணும். மாட்டி."

"அப்ப ஹெர்மின் நம்மளைப் பார்த்து என்ன சொல்லிட்டுப் போறா?"

"அவ பாஷையில சிநேகிதங்கன்னு சொல்லிட்டுப் போறா. நீங்க செத்த கோழியும் இல்லை, நான் மண்ணும் இல்லை. டீயைக் குடிங்க, ஆறுது."

இரண்டு வீட்டுக்கும் நடுவே சரிந்த வேலியை இருவரும் சேர்ந்து நிமிர்த்திய நாள் அது. எதிர்வீட்டு ஹெர்மின், ஆப்பிரிக்க வம்சத்துக் கிரியோல்காரி, சைக்கிளை நிறுத்தாமலே, "ரெண்டு பேரும் நல்ல மாத்தி ஆயிட்டீங்க!" என்று கத்திக்கொண்டு போனாள். அப்போது வகிமனின் மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தேவ்கலியின் கணவன் அதற்கும் முன்பே போய்விட்டான்.

அன்று தொடங்கிய விசாரணை வருஷக்கணக்கில் நடந்தது. ஹெர்மினின் மாத்தி, கப்பல்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்ட சொல்லாம். டச்சுக்காரனா இங்கிலீஷ்காரனா என்பதில் அவளுடைய பாதிரியாருக்கே சந்தேகம். தேவ்கலி தன் பண்டிதரைக் கேட்டாள். சமஸ்கிருத மிருத்திகைதான் பீகார் வயல்களில் தேய்ந்து தேய்ந்து மாட்டி ஆயிற்று என்றார் அவர். மடகாஸ்கர் முதல் பசிபிக் தீவுகள் வரை சாவுக்குக் கிட்டத்தட்ட இதே சொல்தான் என்று வகிமனின் ஒன்றுவிட்ட தம்பி எங்கோ படித்துவிட்டுச் சொன்னான். ஆக, மூன்றும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லை. தனித்தனிக் கப்பலில் வந்து இந்த சுரிநாம் சேற்றில் இறங்கியவை.

இந்த ஆராய்ச்சியால் யாருக்கும் லாபமில்லை. வேலியோரம் நிற்க ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

வகிமனுக்கு அவளிடம் கேட்க ஒன்று இருந்தது. ஜாவாக்காரர்கள் பெரிய விஷயத்தை நேராகக் கேட்கமாட்டார்கள். சுற்றி வளைத்துத்தான் வருவார்கள். அவரும் கோழி சூப், வறுத்த நூடுல்ஸ், வாழைத்தார் என்று பல சுற்று வந்துவிட்டார். கேள்வி மட்டும் வரவில்லை. இப்போது தேவ்கலியின் மகள் ரோஷ்னிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ராட்டர்டாமில் வேலை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விடுவதாக ரோஷ்னி சொல்லிவிட்டாள். தேவ்கலி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாட்டிகோர்ச் சடங்கு. பெண்கள் மேளத்தோடு போய் மண் வெட்டி வந்து, அந்த மண்ணில்தான் மணமேடை போட வேண்டும். தேவ்கலியின் முற்றம் முழுக்க அவள் கணவன் சிமெண்ட் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

"உங்க வாய்க்கால் ஓரத்துல எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"தாராளமா."

"ஆம்பளைங்க பார்க்கக் கூடாது. நீங்க உள்ளயே இருக்கணும்."

"இருக்கேன்."

இருந்தார். ஆனால் அதற்கு முன்பு, பெண்கள் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், வாய்க்காலோர வாழை மரத்தடியில் போய் ஒரு வேலை செய்தார். நிலம் என்றால் அதற்கு ஒரு காவல் உண்டு. அதைக் கேட்காமல் வெட்டினால் கல்யாணத்துக்கு ஆகாது. வாழையிலையில் மூன்று நிறப் பூக்கள், சர்க்கரை போடாத காபி, ஒரு சுருட்டு, அவித்த முட்டை. பக்கத்தில் சாம்பிராணி. பிறகு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மேளம் வந்தது. வாழை மரத்தடியில் நின்றது.

"தேவ்கலி," என்றது அவளுடைய அத்தை ராம்ரத்தியின் குரல். "இங்க யாரைப் புதைச்சிருக்கான்?"

உள்ளே வகிமன், நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரையும் இல்லை அத்தை. அவங்க வழக்கம். மண்ணை வெட்டுறதுக்கு முன்னால அதோட காவல்கிட்ட உத்தரவு கேட்பாங்க."

"காவல் சுருட்டுக் குடிக்குமா?"

"குடிக்கும் போல."

அத்தை யோசித்தாள். "நாமளும் பூமியைக் கும்பிட்டுத்தான் வெட்டுவோம். இவன் நமக்கு முன்னாடியே கேட்டு வச்சுட்டான், வேலை மிச்சம். முட்டையை மட்டும் தள்ளி வை. கல்யாண வீடு."

மண்வெட்டிக்குக் குங்குமம் வைத்து வெட்டினார்கள். பாட்டு தொடங்கியது. மாட்டிகோர்ப் பாட்டு நல்ல பாட்டு இல்லை. அதனால்தான் ஆண்களை விரட்டுவது. முதலில் மாப்பிள்ளையின் மாமாவைத் திட்டினார்கள், அப்புறம் அவர் தம்பியை. பிறகு அத்தை சுருதியை ஏற்றினாள்:

"கோழியைத் தேடுறானாம் வகிமன், வேலியோரம்! கோழி கூண்டுல தூங்குது, கிழவன் கண்ணு தூங்கலையே!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த அடி அவருடைய மீசையைப் பற்றி. அதற்கடுத்தது இங்கே எழுதுவதற்கில்லை.

வகிமன் இருட்டிவரும் சமையலறையில் நிமிர்ந்து நின்றார். அக்கம்பக்கத்தில் இத்தனை கல்யாணம் கேட்டிருக்கிறார். அந்தப் பாட்டில் வெளியாளைப் பெயர் சொல்லித் திட்டுவதே இல்லை. உறவுக்காரர்களுக்கு மட்டும்தான் அந்த மரியாதை.

மேளம் தேவ்கலியின் வீட்டுக்குத் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. தேவ்கலி நின்றாள். முந்தானையில் ஈரமண், கையில் அவரிடம் இரவல் வாங்கிய மண்வெட்டி.

"கழுவிட்டேன்" என்றாள். "அத்தை பாடினதை மனசுல வச்சுக்காதீங்க."

"நல்லாத்தான் பாடினாங்க."

"காதுல கேட்டுதா?"

"மீசை வரைக்கும் கேட்டுது. அதுக்கப்புறமும் கேட்டுது."

அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். "காபி ஆறிப்போச்சு அங்க. எடுத்துட்டு வரட்டுமா?"

"அது எனக்கு இல்லை."

"சரி, அப்ப வரேன். மேடை போடணும், எல்லாரும் காத்திருக்காங்க."

அவள் படி இறங்கினாள். வகிமனின் வாயில் சூப் பற்றிய பேச்சு வந்தது, வாழைத்தார் வந்தது, வரப்போகும் மழை வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினார்.

"தேவ்கலி."

"ம்?"

"ராட்டர்டாமுக்குப் போகாதீங்க. இங்கேயே, என்கூட இருங்க. என்னைக் கல்யாணம் பண்ணிக்குங்க."