தாளின் முதுகில் அவள் பெயர்

கோர்ட்டு மாடிப்படியடியில் நின்றுகொண்டு டமரிஸ் தன் தொப்பி நாடாவை அவிழ்ப்பதும் முடிச்சிடுவதுமாக இருந்தாள். பதினெட்டு வருஷம் அவளோடு ஒரே சலவைத் தொட்டியில் கை நனைத்தவள் நான்.

அவள் மகள் கெசியா ஆறு வாரமாகச் சிறையில். பண்ணைக்காரர் ஹார்டிங்கின் வைக்கோல் போரைக் கொளுத்தினாளாம். அந்த வருஷம் தெற்கு இங்கிலாந்தெங்கும் வைக்கோல் போர்கள் எரிந்தன. கொளுத்தியவர்களுக்குத் தூக்குக் கயிறுதான். மேலே அறையில், வழக்கு நிற்குமா என்று பார்க்க இருபத்துமூன்று கனவான்கள், எல்லோரும் நிலக்காரர்கள். சாட்சிகளை மட்டும் ஒவ்வொருவராக அழைத்துக் கேட்பார்கள். கெசியாவைக் கேட்க மாட்டார்கள். பன்னிரண்டு பேர் தலையாட்டினால் குற்றத் தாளின் முதுகில் 'மெய்' என்று எழுதிவிடுவார்கள், வழக்கு ஜட்ஜிடம் போகும். 'மெய்யல்ல' என்று எழுதினால் பெண் அன்றைக்கே வீடு வந்துவிடலாம்.

வக்கீல் குமாஸ்தா பிட்ஃபீல்ட் அந்தத் தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். தாள் என்று பெயர், உண்மையில் ஆட்டுத்தோல்.

"இதுக்கு என்ன பேருங்கய்யா?" என்றாள் டமரிஸ்.

"இன்டைட்மென்ட்."

"அப்படின்னா?"

"பழைய பிரெஞ்சு வார்த்தைம்மா. ஒருத்தர் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதறது, அவ்வளவுதான் அதோட பொறப்பு. ஒரு காலத்துல காதல் கடுதாசி எழுதறதுக்கும் அதே வார்த்தைதான். கோர்ட்டுக்கு வந்தப்புறம்தான் பல்லு மொளச்சுது."

"இத யாரு சொல்லி எழுதினாங்க?"

அவர் தாளைத் திருப்பினார். "முதுகுல சாட்சிங்க பேரு இருக்கு. மூணாவது நீதாம்மா."

"நான் குத்தம் சொல்லலீங்களே! பெருமையிலதானே பேசினேன்!"

அது நிஜம். தீ அணைந்த அன்று கான்ஸ்டபிள் அவள் வாசலுக்கு வந்தபோது நானும் இருந்தேன். "எம்மகதான் மொதல்ல பாத்தா. ஊரே எழுந்திருக்கறதுக்கு முன்னாடி ஓடிப்போய் குதிரைங்கள அவுத்துவிட்டா" என்று மார்தட்டினாள். மகளின் ஈரப் பாவாடையில் புகை வாசம் அடித்ததையும் சொன்னாள். அவன் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதிக்கொண்டான். தாய் சொன்னதில் ஒரு சொல் மாறவில்லை. ஆனால் தாளில் கெசியா, யாரும் வருமுன் தீயருகே தனியாக நின்றவள்.

"உள்ள போயி நெனவில்லைன்னு சொல்லிடுடி," என்றேன்.

"இப்பத்தானே பைபிள முத்தமிட்டுச் சத்தியம் பண்ணினேன்."

"பெத்த வயித்தோட பாடு கடவுளுக்குத் தெரியாதா?"

"ரோடா, அவருக்கு ஒரே மகன். அவனையே நமக்காகச் சாகக் குடுத்துட்டாரு."

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கதவு சாத்திக்கொண்டது. படிகளை எண்ணினேன், மறந்தேன், மறுபடி எண்ணினேன். குதிரை திருடிய வழக்கின் சாட்சி ஒருவன் என் பக்கத்தில் பாலாடைக்கட்டி தின்றுகொண்டிருந்தான். "ஜெயில்ல இருக்கறது ஒனக்கு யாரு, புருஷனா?" என்று கேட்டான். வாயை மூடு என்றேன்.

வெளியே வந்தவள் என் தோளில் சாய்ந்தாள்.

"என்னடி சொன்ன?"

"கேக்காத. உள்ள பேசினது உள்ளயே இருக்கணுமாம்." தொப்பி நாடாவை மறுபடி இழுத்தபடி சொன்னாள்: "நான் பேசறப்ப ஒருத்தரும் எழுதல ரோடா. சும்மா பாத்துக்கிட்டே இருந்தாங்க. அதான் பயமா இருக்கு."

கோர்ட்டுக்குள் நெருக்கியடித்து நுழைந்தோம். மேலே மாடத்தில் கனவான்கள் வந்து நின்றார்கள். நுனி பிளந்த நீளக் கழி ஒன்று, கவ்விய தாளோடு, எங்கள் தலைகளுக்கு மேலாகக் கீழே கோர்ட்டு கிளார்க்கிடம் இறங்கிற்று. முதல் தாள் குதிரைத் திருடனுடையது: மெய். கழி ஏறியது, மறுபடி இறங்கியது. "கெசியா ஹாலெட்," என்றார் கிளார்க்.

தாள் பிளவில் சிக்கிக்கொண்டது. அவர் இழுத்தார், கழி தூண்டிலாய் வளைந்தது. யாரோ சிரித்தார்கள். சட்டென்று விடுபட்டுக் கழி மேலே துள்ளியது. கிளார்க் தாளின் முதுகை வெளிச்சத்துக்குத் திருப்பினார். என் பக்கத்தில் டமரிஸ் வாயைத் திறந்துவிட்டிருந்தாள், சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று மிச்சமிருப்பதுபோல.