குடுமியான்மலையில் அடித்த மணி

எங்கள் பொதுநலக் கழகத்தில் தலைவர்கள் வருவார்கள், போவார்கள். மணி மட்டும் என் கையை விட்டுப் போனதில்லை. இதைச் சொன்னால் ஆத்மநாதனுக்குத் திமிர் என்பார்கள். திமிர்தான், இல்லையென்று யார் சொன்னது? புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஜவுளிக் கடை வைத்திருக்கிற, நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படாத ஒரு குள்ளன், பெரிய பெரிய மனிதர்களின் பேச்சையெல்லாம் நிறுத்தியிருக்கிறேன் என்றால் கொஞ்சம் திமிர் இருக்கத்தானே செய்யும்.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அதுவரை எது வேண்டுமானாலும் அரண்மனைப் பக்கம் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். சேர்ந்த பிறகு திருச்சி ஜில்லாவில் ஒரு மூலையாகிவிட்டோம். மனுப் போட்டால் அது திருச்சிக்குப் போகும். திரும்பி வருமா என்பது வேறு விஷயம். அடுத்த வருஷம் என் கடை மாடியில் சிலர் கூடி, நம்மால் ஆனதை நாமே செய்வோம் என்று கழகத்தைத் தொடங்கினோம். சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம். மாதம் ஒரு விருந்தாளி வந்து பேசுவார். யாராக இருந்தாலும் இருபது நிமிஷம். முடிந்ததும் நான் மேஜை மணியை அடிப்பேன்.

இந்த விதியால் பட்ட பாடு கொஞ்சமல்ல. குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பற்றிப் பேச வந்த ஒரு பேராசிரியர், இருபது நிமிஷத்தில் கல்வெட்டு இருக்கிற பாறைக்கே வந்து சேரவில்லை. மணி அடித்தேன். ரிடையரான ஒரு தாசில்தார், "தம்பி, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றார். அடித்தேன். வருத்தம் இருந்தாலும் எல்லாரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்கள். புதுக்கோட்டைக் கழகத்தில் பேசப் போனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள் என்று திருச்சி வரைக்கும் பேச்சு. அதில் எங்களுக்கு ஏகப் பெருமை.

ஐம்பத்தேழு புரட்டாசியில் குடுமியான்மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் சிகிச்சை முகாம் போட்டோம். அதற்கு முன் நாங்கள் கொடுத்ததெல்லாம் சிலேட்டு, வேட்டி, கோடையில் தண்ணீர்ப் பந்தல். இவ்வளவு பெரிய காரியத்தில் கை வைத்ததில்லை. திருச்சியிலிருந்து டாக்டர் வரச் சம்மதித்தார். ஆனால் புரையை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அதன் பிறகு தடித்த கண்ணாடி போட்டால்தான் எதுவும் தெளிவாகத் தெரியும். அத்தனை பேருக்கும் கண்ணாடி வாங்க எங்களுக்கு ஏது வசதி? பொன்னமராவதி எண்ணெய் மில் முதலாளி கண்ணுசாமி, "கண்ணாடி என் பொறுப்பு, முகாமை நான் திறந்து வைக்கணும்" என்றார். தாராளமாக என்றோம்.

அங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்தது. திறப்பு விழா என்றால் ரிப்பன் வேண்டுமே. என் கடையிலிருந்தே சிவப்பு ரிப்பன் எடுத்துப் போய், ஆபரேஷன் அறை வாசலில் குறுக்கே கட்டிவிட்டோம். முதலாளி வந்து வெட்டும் வரை டாக்டரே உள்ளே போக முடியாது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

காலையில் வர வேண்டியவர் வரவில்லை. மதியமும் ஆயிற்று. நோயாளிகள் எல்லாம் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வரிசையின் கடைசியில் அழகி. பக்கத்துக் கிராமம். மகன் கையைப் பிடித்து நடந்தே வந்ததால் கடைசியாக வந்து சேர்ந்திருந்தாள்.

"ஐயா, எனக்கு இன்னைக்கே ஆயிருமுல்ல?" என்று என் சத்தம் வந்த திசையில் கேட்டாள்.

"ஆயிரும்மா. ஏன் இம்புட்டு அவசரம்?"

"ரெண்டு வருசமா என்னய அறுப்புக்குக் கூப்புடலங்க. கதிருன்னு நெனச்சு எங் கையவே அறுத்துப்புட்டேன். மகன் கஞ்சி ஊத்துறான், ஊத்தாம இல்ல. ஆனா சும்மா ஒக்காந்து குடிக்கிற கஞ்சி உள்ள எறங்கமாட்டேங்குதுங்க. இந்தத் தைக்கு நான் வயல்ல எறங்கணும்."

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார். மேற்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. "ஜன்னல் வெளிச்சம் இருக்கிறவரைக்கும்தான் நான் கத்தியைத் தொடுவேன். ராத்திரி நான் அடுத்த முகாமுக்குப் போகணும். மிஞ்சினவங்க அடுத்த வருஷம்தான்" என்றார்.

ஒரு வழியாகக் கண்ணுசாமியின் கார் வந்தது. மாலை, சந்தனம், வரவேற்பு. அவர் ரிப்பன் பக்கமே போகவில்லை. நேராக மேடையேறிப் பேசத் தொடங்கினார். கெட்ட மனிதர் இல்லை, நன்றாகவும் பேசுவார். தன் அப்பா செக்கு ஓட்டியதில் தொடங்கினார். செக்கிலிருந்து மில்லுக்கு வருவதற்குள் இருபது நிமிஷம் முடிந்தது. கூடவே எடுத்துப் போயிருந்த மேஜை மணியை அடித்தேன். அவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்து, "நம்ம மணிக்காரருக்குப் பசி வந்துருச்சு போல" என்றார். கூட்டம் சிரித்தது. பேச்சு தொடர்ந்தது. மறுபடி அடித்தேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் தலைவர் மைக்கேல்சாமியைப் பார்த்தேன். ஆவூர்க்காரர், ரிடையரான ஹெட்மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் இவர் செருமினால் வகுப்பே அடங்குமாம். அந்த மனிதர் அன்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் தப்பில்லை, கண்ணாடி அத்தனையும் அந்த மேடையில் அல்லவா நின்று பேசிக்கொண்டிருந்தது. டாக்டர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்வாரத்திலிருந்து அழகியின் குரல் கேட்டது. "ஏப்பா, பொழுது சாஞ்சிருச்சா?" என்று மகனைக் கேட்டாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. எழுந்து போனேன். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், அதுதான் அந்தப் பள்ளிக்கு மணி. கீழே கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து, இரண்டு கையாலும் ஓங்கி அடித்தேன். நிறுத்தவில்லை. மரத்திலிருந்த காக்கையெல்லாம் கிளம்பிப் பறந்தன. விழா முடிந்துவிட்டது என்று நினைத்துக் கூட்டம் கை தட்டி எழுந்தது. யாரோ தேசிய கீதத்தைக் கூடத் தொடங்கிவிட்டார்கள். கண்ணுசாமி வேறு வழியில்லாமல் அட்டென்ஷனில் நின்றார். பாட்டு முடிந்த வேகத்தில் மைக்கேல்சாமி கத்திரிக்கோலை அவர் கையில் திணித்து வாசலுக்குக் கூட்டிப் போனார். ரிப்பன் விழுந்தது. டாக்டர் அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினார்.

கண்ணுசாமி முகம் கறுத்துப் போய்க் காரில் ஏறினார். கதவைச் சாத்தும்போது சொன்னார்: "கழகம் எங்கிட்ட வந்து மன்னிப்புக் கேக்கட்டும். இல்லாட்டி கண்ணாடிய நீங்களே வாங்கிக்கிடுங்க."

அன்று கடைசி வெளிச்சத்தில் அழகிக்கும் ஆபரேஷன் முடிந்தது. கண்ணில் கட்டோடு படுத்திருந்தவள், "யாருங்க அந்த மணிய அடிச்சது? நல்லாருக்கட்டும்" என்றாளாம். நர்ஸ் வந்து சொன்னபோது எனக்குக் கண்ணாடி ஞாபகம்தான் வந்தது. மணி அடித்து அவளுக்கு ஆபரேஷனை வாங்கிக் கொடுத்தேன். அதே மணியால் கண்ணாடியைத் தட்டிவிட்டேனே.

சனிக்கிழமை கூட்டம். மாடி நிறைந்திருந்தது. பாதிப் பேர் என்னைப் பிய்த்து எடுத்தார்கள். முதலாளியிடம் மன்னிப்புக் கேட்பதில் என்ன குறைந்துவிடும் என்றார்கள். நான் எழுந்தேன். "கழகம் கேக்கவேண்டாம். நான் போறேன். அந்த அம்மாவுக்குக் கண்ணாடி கிடைக்கும்னா அவர் காலில் விழவும் தயார்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மைக்கேல்சாமி செருமினார். மாடி அடங்கியது.

"ஆத்மநாதன், உக்காருங்க. நீங்க எங்கிட்டும் போகவேண்டாம். அன்னைக்கு எழுந்து நிறுத்தியிருக்க வேண்டியவன் நான். நான் கூரையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். விதி எல்லாருக்கும் ஒண்ணுன்னு சொல்லித்தானே தாசில்தாரை உக்கார வச்சோம்? பணம் கொடுக்கிறவருக்கு மட்டும் வேற விதின்னா, நாளையிலிருந்து இது கழகம் இல்லை, கடை." கணக்கு நோட்டைத் திறந்தார். "தை மாசம் ஆண்டு விழா விருந்துக்குன்னு சேத்து வச்சிருக்கோம். அது கண்ணாடிக்குப் போதும். விருந்து வேண்டாங்கிறவங்க கையைத் தூக்குங்க."

எங்கள் ஆண்டு விருந்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தஞ்சாவூரிலிருந்து சமையல்காரர்கள் வருவார்கள். அந்தச் சாப்பாட்டுக்காகவே கழகத்தில் சேர்ந்தவர்கள் உண்டு. முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு கை உயர்ந்தது. என்னை அதிகமாகத் திட்டியவரின் கை. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாக் கையும். அந்த மாடியில் அத்தனை கையையும் பார்த்தபோது நான் அழுதேன். இந்த மனிதர்களோடு ஒரே அறையில் உட்கார நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கார்த்திகைக் கடைசியில் கண்ணாடி வந்தது. அதே பள்ளிக்கூடத்தில் வைத்து டாக்டரின் உதவியாளர் ஒவ்வொருவருக்கும் போட்டுப் பார்த்துக் கொடுத்தார். பேச்சாளர் கிடையாது, மாலை கிடையாது. கூட்டத்தின் பின்னால் பார்த்தால், கண்ணுசாமி. யாரும் அழைக்கவில்லை, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

அழகி முறை வந்தது. கண்ணாடியை மாட்டியதும் தன் இரண்டு கையையும் முன்னால் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழைய அரிவாள் தழும்பைத் தடவினாள். பிறகு சத்தமாகக் கேட்டாள்: "அன்னைக்கு மணி அடிச்சவரு யாருங்க? நான் பாக்கணும்."

என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். அவள் முதலில் என் தலைக்கு மேலே பார்த்தாள். பிறகு கண்ணைக் கீழே இறக்கினாள்.

"ஆத்தாடி! இம்புட்டுக்காணு ஆளா இருந்துக்கிட்டா அம்புட்டுச் சத்தம் போட்டீங்க?"

முதலில் சிரித்தது கண்ணுசாமிதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் என்னிடம் வந்து, "அந்தச் சத்தம் இன்னமும் என் காதுக்குள்ளயே இருக்குய்யா. அடுத்த முகாமை எங்க பொன்னமராவதியில போடுங்க. கண்ணாடி நான் தாரேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம்" என்றார்.

"பேச்சு?" என்று கேட்டேன்.

"பேசுவேன். இருபது நிமிசம்."

தை பிறந்தது. ஆண்டு விழா அன்று மாடியில் கூடினோம். விருந்து இல்லையென்று தெரிந்தும் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். கண்ணுசாமிதான் விருந்தாளி. பாதிப் பேச்சில் இருந்தபோது படியில் காலடிச் சத்தம். முதலில் கண்ணாடி தெரிந்தது. பிறகு தலையில் ஒரு மூட்டையோடு அழகி. பின்னால் அவள் மகன், அவன் தலையிலும் ஒரு மூட்டை. கண்ணுசாமி தானாகவே பேச்சை நிறுத்தி ஒதுங்கி நின்றார். மைக்கேல்சாமி எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் காட்டி, "உக்காந்து பேசும்மா. இருபது நிமிஷம் இருக்கு" என்றார்.

அவள் உட்காரவில்லை. மூட்டையை இறக்கி, மேஜையில் என் மணிக்குப் பக்கத்தில் வைத்து அவிழ்த்தாள். புது அரிசி.

"அறுப்புக்குப் போனேன். இது எங் கூலி. நெல்ல நானே குத்திக்கொண்டாந்தேன். எங்களுக்காக நீங்க விருந்த விட்டீங்களாமுல்ல. ஆக்கிச் சாப்புடுங்க."

அவ்வளவுதான் பேச்சு. கழக வரலாற்றிலேயே அதைவிடக் குறைவாகப் பேசிய விருந்தாளி கிடையாது. கண்ணுசாமி தன் டிரைவரைக் கூப்பிட்டு வெல்லமும் நெய்யும் வாங்கி வரச் சொன்னார். என் கடைக்குப் பின்னால் அடுப்பு மூட்டினோம். அழகி யாரையும் கரண்டியைத் தொடவிடவில்லை.

அன்றைக்கு நான் மணியை ஒரே ஒரு தடவைதான் அடித்தேன். பொங்கல் இறங்கியதும், சாப்பிட வாருங்கள் என்று எல்லாரையும் கூப்பிடுவதற்கு.