உள்ளங்கை வலையும் கோணக் கலயமும்

1978ஆம் வருஷம் தை மாதம், திருநள்ளாறு தெற்கு வீதியில், முட்டை ஓடுகூட வாசல்படி தாண்டாத ஒரு வீட்டின் சமையலறைச் சுவரில், உயிருள்ள சங்கரா மீன் ஒன்று வலையில் மாட்டித் துள்ளிக்கொண்டிருந்தது. வலை உள்ளங்கையளவு, மீன் முழங்கை நீளம். அது இதற்குள் எப்படி அடங்கியது என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள். நம் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. விடிந்ததும் பால் காய்ச்ச வந்த சாரதாம்பாள் முதலில் பார்த்தது மீனை அல்ல. ராத்திரி கழுவித் துடைத்து வைத்த அடுப்பு மேடை முழுக்க உப்புத் தண்ணீர் தெறித்திருந்ததைத்தான் பார்த்தாள். "யாரு இது, என் மேடைய நாசம் பண்ணுனது?" என்று கேட்ட பிறகுதான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். அப்புறம் அவள் போட்ட கூச்சலில், திருடன் புகுந்துவிட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் உலக்கையோடு ஓடிவந்தார்கள்.

கூச்சலுக்குக் காரணம் இருந்தது. சாரதாம்பாளும் அவள் வீட்டுக்காரர் தெட்சிணாமூர்த்தியும், சனிக்கிழமைதோறும் சனீஸ்வரனைக் கும்பிட வருகிறவர்களுக்கு முன்கட்டில் தங்க இடம் கொடுத்து, சோறு போட்டுப் பிழைக்கிறவர்கள். அந்த வீட்டில் கரண்டியைக்கூடத் திரும்பத் திரும்ப அலசுவார்கள் என்று மதுரை வரைக்கும் பெயர். கொல்லைக் கிணற்றில் நெல்லிக்கட்டை போட்டிருந்ததால் தண்ணீர் குடித்து முடித்த பிறகும் நாக்கில் தித்திக்கும். அப்படிப்பட்ட வீட்டில் மீன் வாடை என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும், அப்புறம் முன்கட்டை ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்காது.

வலை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். முந்தின ஐப்பசிப் புயலில் கடல் ஏறி வந்து காரைக்கால்மேட்டுக் கிணறுகளையெல்லாம் உப்பாக்கிவிட்டுப் போனது. அங்கே பால்வாடி நடத்திய ஞானசௌந்தரி டீச்சருக்குத் திருநள்ளாற்றில் வீடு. மேட்டுப் பிள்ளைகள் புயலுக்குப் பிறகு பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், பொங்கல் கழிந்த வாரம் இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் திருநள்ளாற்றுப் பால்வாடிக் கொட்டகையில் கூட்டி, ஒரு மாற்றுச் சந்தை வைத்தார். சட்டம் மூன்றே. கொண்டுவரும் பொருளைப் பிள்ளை தன் கையாலேயே செய்திருக்க வேண்டும். பெரியவர்கள் கை அதில் படக் கூடாது. பிடித்த பொருளுக்குப் பிடித்த பொருளை மாற்றிக்கொண்டு, இரண்டு விரலை நீட்டித் தொட்டுப் 'பழம்' விட்டுவிட்டால் மாற்றினது மாற்றினதுதான்.

இரண்டாவது சட்டத்தை நம் பெண்கள் காப்பாற்றுவார்களா? பிள்ளை செய்த களிமண் மாட்டுக்குக் கொம்பு சரியில்லை என்று ஒருத்தி நிமிர்த்தினாள். சிப்பி மாலை கோணலாக இருக்கிறது என்று இன்னொருத்தி ராவோடு ராவாகக் கோத்தே கொடுத்துவிட்டாள். சந்தைக்கு வந்த சாமான்கள் அவ்வளவும் பிரமாதமாக இருந்தன, கடையில் வைக்கலாம் போல. இரண்டே இரண்டு பொருள்தான் கண்ணால் காணச் சகிக்கவில்லை. ஒன்று, சாரதாம்பாள் மகள் லோகாம்பாள் வயல் மண்ணில் பிசைந்த தம்ளர் அளவுக் கலயம். வாய் ஒரு பக்கம் கோணி, அழுகிற பிள்ளையின் வாய் போல இருந்தது. அம்மாக்காரிக்குச் சனிக்கிழமைக் கூட்டத்தில் அதைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. இன்னொன்று, காரைக்கால்மேட்டுக் காசியம்மாவின் மகள் செல்லம் பிய்ந்துபோன நைலான் நூலில் முடிந்த வலை. ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறிசு. காசியம்மா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நல்ல தண்ணீருக்கு ஊர் விட்டு ஊர் நடந்துகொண்டிருந்தாள். இந்த இரண்டையும் யாரும் சீந்தவில்லை. ஆகவே நாலு வயது லோகாவும் ஐந்து வயது செல்லமும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்து, மாற்றிக்கொண்டு, பழம் விட்டார்கள். லோகா வலையைக் கொண்டுபோய்ச் சமையலறை ஆணியில் மாட்டினாள். மறுநாள் நடந்ததுதான் முதலில் சொன்னது.

முதல் மீனை இடுக்கியால் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாளித் தண்ணீரில் போட்டுக் கொல்லை வழியாக யாரிடமோ கொடுத்தனுப்பிவிட்டாள் சாரதாம்பாள். மறுநாள் கிழங்கான் விழுந்தது. அதற்கு மறுநாள் வாலால் அறைந்து ஊறுகாய் ஜாடியை உடைத்த ஒரு கொடுவா. வலையைக் கழற்றி அரசலாற்றில் வீசினார் தெட்சிணாமூர்த்தி. பொழுது விடிந்தால் அது ஆணியில் இருந்தது. டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிப் பார்த்தார்கள். கூறைப்புடவை மடிப்புக்குள் ஒரு வௌவால் மீன் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. சாரதாம்பாள் அன்றைக்கு உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். "புள்ளைங்க பழம் விட்டு மாத்துனது, ஆச்சி. அதுங்க ரெண்டும் சேந்து காய் விட்டாத்தான் அந்த மாத்து முறியும். என்னால ஆவாது" என்று டீச்சர் கையை விரித்துவிட்டார்.

இதற்குள் காரைக்கால்மேட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் காசியம்மாவின் கைக்குழந்தை வயிறு கழிந்து துவண்டுபோய்க் கிடந்தது. செல்லம் விளையாட்டுக்குத் தன் கலயத்தைத் தம்பி வாயில் சாய்த்தாள். தண்ணீர் வந்தது. குழந்தை குடித்து முடித்தது, கலயம் முடியவில்லை. காசியம்மா அதைக் குடத்தில் கவிழ்த்தாள், குடம் நிறைந்தது. பக்கத்து வீட்டுக் குடம், எதிர் வீட்டு அண்டா, கடைசியில் தெருவே வரிசை கட்டிக்கொண்டு நின்றது. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து பார்க்க வந்தவர் ஒரு வாய் குடித்துவிட்டு, 'குடிநீர் திருப்தி' என்று எழுதிக்கொண்டு போனார். குழந்தை பிழைத்துக்கொண்டது. உள்ளதைச் சொன்னால், அந்தத் தெருவில் அந்த வருஷம் பிழைத்த குழந்தை அது ஒன்று மட்டுமல்ல.

சாரதாம்பாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளை ஒரு கையிலும் வலையைப் பையிலுமாகப் பிடித்துக்கொண்டு காரைக்கால்மேட்டில் வந்து இறங்கினாள். மீன் விழும் வலையைத் திருப்பித் தர ஆச்சி வருகிறாள், குழந்தைகள் காய் விட்டால் தண்ணீர் போச்சு என்று சேதி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. தெருப் பெண்கள் குடமும் கையுமாக நின்றார்கள். கடலுக்குப் போய்த் திரும்பியிருந்த காசியம்மா வீட்டுக்காரர் முத்தையன், பேசினால் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று படகு மறைவுக்குப் போய்விட்டார். காசியம்மாதான் முன்னால் வந்தாள்.

"நா கெஞ்ச மாட்டேங்க ஆச்சி. ஒங்க புள்ள செஞ்சது, ஒங்க இஷ்டம். வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு அப்பறம் சொல்லுங்க."

சாரதாம்பாள் மீன்காரர் வீட்டில் பச்சைத் தண்ணீர் தொடாதவள். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் நீட்டியிருந்தது அவள் மகள் பிசைந்த கலயம். கோணல் வாயில் லோகாவின் கட்டைவிரல் ரேகை அப்படியே இருந்தது. வாங்கி, அண்ணாந்து, எச்சில் படாமல் ஊற்றிக்கொண்டாள். ஒரு மடக்கு உள்ளே போனதும் கை நின்றுவிட்டது. இன்னொரு மடக்கு குடித்தாள். பிறகு, வெயிலில் காய்ந்த வலைக்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இது எங்க கெணத்துத் தண்ணியில்ல?"

நெல்லிக்கட்டைத் தித்திப்பு. கொல்லைக் கிணற்றில் கொஞ்ச நாளாக உறை உறையாகத் தண்ணீர் இறங்குகிறதே, எதனால் என்று தெட்சிணாமூர்த்தி புலம்பிக்கொண்டிருந்ததற்கு விடை அந்தக் கலயத்தில் இருந்தது. காசியம்மா விடவில்லை. "அப்ப ஒங்க சொவத்துல துள்றது எங்க கடலு மீனுங்க ஆச்சி. அதுக்கு இது சரியாப் போச்சுல்ல?" என்றாள்.

சாரதாம்பாள் வரிசையை ஒரு தடவை பார்த்தாள். குடங்களைப் பார்த்தாள். காசியம்மா இடுப்பிலிருந்த குழந்தை கலயத்துக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. சாரதாம்பாளுக்கு அழுகை வந்ததா, கர்வம் வந்ததா என்று பார்த்தவர்களுக்குள் இன்றைக்கும் தகராறு உண்டு. இரண்டும்தான் வந்தது என்பது என் கட்சி.

"ஒரு தெருவே எங்க கெணத்தக் குடிக்குது, எனக்குத் தெரியாமப் போச்சே!" என்றாள். பிறகு மகளைப் பார்த்தாள். "என்னாடி முழிக்கிற? அவகிட்ட இன்னொரு தரம் பழம் விடு. கெட்டியா விடு." எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு காசியம்மா பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு. தெனம் காலையில மொத பஸ்ஸுக்கு வந்து அந்த மீன் சனியன எடுத்துக்கிட்டுப் போயிடணும், சொல்லிப்புட்டேன்."

அப்படியே நடந்தது. தெட்சிணாமூர்த்தி கிணற்றைத் தூர் வாரி ஆழப்படுத்தி, புது நெல்லிக்கட்டை இறக்கினார். கொல்லைக்கோடியில் வலைக்கென்று ஓடு போட்ட ஒரு மாடம் கட்டி ஆணியை அங்கே மாற்றினார்கள், வலை கோபித்துக்கொள்ளவில்லை. சாரதாம்பாள் தினம் இடுக்கியால் மீனை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, காசியம்மாவின் ஈரத்துணியில் போடுவாள். இரண்டு பேரும் அங்கேயே நின்று கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசுவார்கள்; அது கொஞ்ச நேரத்தில் முடிந்ததில்லை. வருஷங்கள் ஓடின. அடுத்த சனிப்பெயர்ச்சியும் வந்து போயிற்று. மேட்டுக்குக் குழாய் போட்டார்கள், குழாயில் காற்று நன்றாக வந்தது. ஞானசௌந்தரி டீச்சரின் சந்தை வருஷாவருஷம் நடந்தது. அம்மாக்கள் இப்போது கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றார்கள், ஆனால் பிள்ளைக்குக் கண்ணாலேயே சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் ஒன்றும் பெரிதாகப் பலிக்கவில்லை. திருவேட்டக்குடிப் பிள்ளை ஒன்று செய்த வைக்கோல் காக்காய் மழைக்கு முன்னால் 'கா கா' என்று கரைந்தது, அவ்வளவுதான்.

1985இல் லோகாவும் செல்லமும் காரைக்காலில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் ஆறாம் வகுப்புப் படித்தார்கள். ஒருநாள் ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸை யார் உடைத்தது என்று சண்டை வந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுண்டுவிரலை நீட்டிக் காய் விட்டுவிட்டார்கள். மறுநாள் விடிந்தபோது வலை வெறுமனே காற்றில் ஆடியது. பஸ்ஸில் வந்த காசியம்மா அதைப் பார்த்துவிட்டு வெறுந்துணியோடு திரும்பிப் போனாள். போய்க் கலயத்தைக் கவிழ்த்தால் காய்ந்த மண் உதிர்ந்தது. இரண்டு வீட்டிலும் பெண்களைத் திட்டிப் பார்த்தார்கள், கொஞ்சிப் பார்த்தார்கள், பலகாரம் செய்து கொடுத்தும் பார்த்தார்கள். "அவ மொதல்ல பேசட்டும்" என்று இவளும், "அவளே பேசட்டும்" என்று அவளும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

இத்தனை வருஷம் தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தது தொலைந்துபோனதில் சாரதாம்பாள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தத் தெருவில் குழந்தைகள் என்ன குடிக்கும் என்பதே நினைப்பாக இருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸுக்கு, தன் கிணற்றில் இறைத்த தண்ணீரைப் பெரிய பித்தளைக் குடத்தில் நிரப்பி, வேட்டித்துணியால் வாயைக் கட்டி, கண்டக்டரோடு சண்டை போட்டு ஏறிவிட்டாள். காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மேட்டுக்கு வண்டி மாறப் போனவள், எதிரே வந்த வண்டியிலிருந்து காசியம்மா இறங்குவதைப் பார்த்தாள். காசியம்மா கையில் ஈரத்துணி மூட்டை. அது துள்ளியது.

"என்னா காசியம்மா இது?"

"சங்கராங்க. வல வெறுமனே கெடந்தா நல்லா இல்லீங்கள்ல ஆச்சி. அவரு கடலுக்குப் போயி உசுரோட புடிச்சுக்கிட்டு வந்தாரு." அப்போதுதான் அவள் குடத்தைப் பார்த்தாள். "நீங்க என்னாங்க…"

பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த அல்லா பிச்சை பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த இடத்தை அவர்தான் எனக்குச் சொன்னார். சாரதாம்பாள் குடத்தை இறக்கிக் காசியம்மா இடுப்பில் ஏற்றினாள். பிறகு முகத்தைத் திருப்பாமல், இடுக்கி இல்லாமல், வெறுங்கையால் அந்த மீன் மூட்டையை வாங்கி மார்போடு பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த கோயில் யாத்திரைக்காரர் மூக்கைச் சுளித்தபோது, "எங்க ஊட்டு மீனுங்க, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்றாள். வீட்டுக்குப் போனதும் மாடத்து வலைக்குள் மீனைத் தானே வைத்தாள். உள்ளங்கையளவு வலை இடம் கொடுத்தது.

அன்று மாலை காரைக்கால்மேட்டில் கலயத்தில் மறுபடி தண்ணீர் ஊறிவிட்டது. மறுநாள் காலை வலையில் கிழங்கான் விழுந்தது, காசியம்மா துணியோடு வந்தாள், இரண்டு பேரும் நின்று கதை பேசினார்கள். லோகாவும் செல்லமும் மட்டும் அதற்குப் பிறகும் பேசிக்கொள்ளாமல் தீபாவளி வரைக்கும் காய் விட்டபடியே இருந்தார்கள். அதைப் பற்றி இரண்டு ஊரிலும் யாரும் கவலைப்படவில்லை.