அந்தோணியார் தெரு மேலே வந்த விதம்

திண்டிவனத்தில் அமைதிக் கூட்டம் முடிந்த ஒவ்வொரு முறையும் அந்தோணியார் தெரு ஒரு சாண் கீழே இறங்கியது. வல்லத்தைத் தாண்டி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கிறது அந்தத் தெருவின் ஊர். மாதா கோயில் தேர் ஊர்த்தெருவைச் சுற்றிவிட்டு, அந்தோணியார் தெருமுனை வந்ததும் திரும்பிவிடும். காரணம் சாதி, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தேர் வேண்டும் என்று தெருக்காரர்கள் கேட்பார்கள். அதிகாரிகள் இரண்டு பக்கத்தையும் திண்டிவனத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்பதற்குத் தெருவின் தலைவர் சவுரிராயன் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு வருவார். அடிதடி இல்லாமல் முடிந்ததில் அவருக்கு அத்தனை நிம்மதி. மறுநாள் காலையில் தெரு இறங்கியிருக்கும்.

முதலில் போர்வெல்லைக் குறை சொன்னார்கள். பிறகு கிராவல் அடித்தார்கள். கிராவலும் கூடவே இறங்கியது. அப்புறம் பழகிவிட்டது. முனையில் படி கட்டினார்கள், படி போதாமல் ஏணி வைத்தார்கள், கேஸ் சிலிண்டரைக் கயிறு கட்டி இறக்கினார்கள். கஷ்டமெல்லாம் சவுரிராயன் மனைவி சூசை மேரிக்குத்தான். பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடந்த அவளுக்குப் பின்பக்க ஜன்னலில் தெரிந்த வானம்தான் ஒரே துணை. வருடாவருடம் அது குறுகி, கடைசியில் ஜன்னல் முழுக்க மண்சுவராகிவிட்டது.

போன வருடம் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக் கூட்டத்துக்குக் கிளம்பியபோது அவள் கூப்பிட்டாள்.

"சமாதானம் சமாதானம்னு போய்க்கினே இருக்கீங்க. எனுக்கு வானமே தெரியல. இன்னொரு கையெழுத்து போட்டீங்கன்னா, உசுரோட குழியில படுத்திருக்கிற கணக்குதான்."

சவுரிராயன் பஸ் ஏறினார். கூட்டத்தில் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"இனிமே உங்க தேர கேட்டுக்கினு வரமாட்டோங்க. எங்க திருநாள நாங்களே பண்ணிக்கிறோம்."

டீயை அவர் தொடவில்லை.

கொடிமரத்துக்கு ஒரு சவுக்கு மரம், கொடிக்கு சூசை மேரியின் கல்யாணப் புடவை. தெருவே கயிற்றைப் பிடித்தது. இழுக்க இழுக்கக் கொடி ஏறியது, தெருவும் ஏறியது. ஏணி சரிந்தது, படிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. கொடி உச்சிக்குப் போனபோது தெரு ஊரைவிட முழங்கால் உயரம் மேலே நின்றது. உற்சாகத்தில் இரண்டு இழுப்பு கூடிவிட்டது என்று பிறகு ஒத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் சீரியல் விளக்கு கட்டிய டிராக்டர் டிப்பரில் அந்தோணியார் வந்து சூசை மேரியின் வாசலில் நின்றார். அவள் அழுததைப் பார்த்த யாருக்கும் அதற்குமேல் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

இந்த வருடம் ஊர்த்தேர் முனையில் திரும்பாமல் நின்றது. ஆனால் ஏற வழியில்லை. சவுரிராயன் பலகை போடச் சொன்னார்.

சூசை மேரி தினமும் ஜெபத்தில் எல்லாப் புனிதர்களுக்கும் நன்றி சொல்லி முடித்துவிட்டு, அந்த இரண்டு இழுப்புக்கும் தனியாக ஒரு நன்றி சொல்கிறாள். அந்த உயரத்தால்தான் ஜன்னலில் செஞ்சி மலை தெரிகிறது.