நடுக்கால் இல்லாத கூரை

கூரையைத் தாங்க நடுக்கால் வேண்டாம் என்று நான் சொன்னபோது தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். தறியில் உட்காரப் போகிறவள் நான்தானே, அவர்கள் இல்லையே.

யுத்தம் முடிந்த மறு வருஷம், சித்திரை மாசம், குடியாத்தத்தில் எங்கள் நெசவுத் தெருவில் தீப்பிடித்தது. என் வீட்டில் கூரை போச்சு, அதைத் தாங்கிய மோட்டு வளை போச்சு, சுவரும் பாதி இடிந்து விழுந்தது. தறிச் சட்டத்தையும் பாவு நூலையும் மட்டும் நானும் பக்கத்து வீட்டு செல்லம்மாளும் இழுத்து வெளியே போட்டோம். காலை இறக்கி மிதிக்கிற தறிக்குழி அப்படியே கிடந்தது. குழியைத் தீ என்ன செய்துவிடும்?

என் வீட்டுக்காரர் பரந்தாமன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் பேரில் இருந்த நூல் கார்டை வைத்துத்தான் நான் லுங்கி நெய்துகொண்டிருந்தேன். அப்போது நூலுக்குக் கண்ட்ரோல். கார்டு இல்லாவிட்டால் ஒரு சிட்டம் நூல் கிடைக்காது. ஆடி முதல் வெள்ளிக்கிழமை நூல் இன்ஸ்பெக்டர் வந்து, ஓடுகிற தறிகளை எண்ணிப் புதுக் கார்டு எழுதுவதாகத் தண்டோரா போட்டார்கள். கூரைக்கடியில் ஓடுகிற தறிக்குத்தான் கார்டு. வெளியில் கிடக்கிற தறி அவருக்கு விறகு மாதிரி.

என் புருஷனின் அண்ணன் வேதாசலம் மாமா ஒரு வழி சொன்னார். தறியை அவர் வீட்டுக் கூடத்தில் போட்டுக்கொள்ளலாம், கார்டு அவர் பேரில் இருக்கட்டும், நான் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய்க் குச்சி அடுக்கலாம். ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார். ஒரு தடவை தறியை அவர் வீட்டுக்குள் விட்டால் அது திரும்பி வருமா? அப்புறம் சாகிற வரைக்கும் அவர் வீட்டில் தண்ணி எடுத்துப் போடுகிறவளாகத்தான் இருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசிக்க அதில் ஒன்றுமில்லை.

மண்ணுக்குப் பஞ்சமில்லை. குழியைச் சுற்றி வட்டமாகச் சுவர் எழுப்பினேன். வட்டச் சுவருக்கு மூலை கிடையாது. மூலை இல்லாவிட்டால் மண் வெடிப்பதும் கம்மி. செல்லம்மாள் மிதித்துக் கொடுத்தாள், நான் வைத்தேன். இருபது நாளில் சுவர் தோள் உயரம் வந்துவிட்டது. பேஜார் கூரையில்தான் வந்தது. நீள மரமெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது, மோட்டு வளைக்கு மரம் எங்கேயும் இல்லை. குட்டைக் கழிகளைச் சாய்த்துக் கட்டலாம் என்றால் நடுவில் ஒரு கால் நட வேண்டும். நடுவில்தான் என் தறி இருக்கிறதே! பாவு ஓடுகிற வழியில் காலை நட்டுவிட்டு நான் எதை நெய்வது?

என் தம்பி லோகநாதன் ஜோலார்பேட்டையில் ரயில்வே கேங்மேன். லீவு போட்டுவிட்டு வந்தவன், குழியையும் சுவரையும் பார்த்துவிட்டுப் பொங்கலன்று அவனுடைய தோஸ்துகள் செய்த வேடிக்கையை ஞாபகப்படுத்தினான். நாலு பேர் நாலு ஸ்டூலில் சதுரமாக உட்கார்ந்து, ஒருத்தன் மடியில் ஒருத்தன் முதுகைச் சாய்த்துப் படுப்பார்கள். மற்றவர்கள் ஸ்டூல்களை ஒவ்வொன்றாக உருவிவிடுவார்கள். நாலு பேரும் கீழே விழாமல் அந்தரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு கிடப்பார்கள்.

"கழியும் அப்படிப் படுக்காதாக்கா?" என்றான்.

படுக்கும் என்று எனக்கும் பட்டது.

கழிக்கு ஆம்பூருக்குப் போனோம். தோல் பதனிடும் கம்பெனிகளுக்கு வேலம்பட்டை சப்ளை செய்கிற அப்துல் வஹாப் பாயின் களத்தில், பட்டை உரித்த கழிகள் மலையாகக் கிடக்கும். பட்டை போன பிறகு அவை அடுப்புக்குத்தான். பத்தடி நீளத்தில் உறுதியான பன்னிரண்டைப் பொறுக்கினேன். நடுக்கால் இல்லாமல் கூரையா என்று பாய் கேட்கவே இல்லை. கட்டுவதற்கு ஆட்டுத்தோல் வார் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார்.

"ஈரத்தோட கட்டும்மா. காய்ஞ்சா கத்தியால அறுத்தாத்தான் வரும்" என்றார்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை காலையில் ஏறினோம். நடுவில் ஒரு கவைக்கழியை முட்டுக் கொடுத்து, அதன்மேல் முதல் கழியின் நுனியை வைத்தோம். அடிப்பக்கம் சுவரில், நுனி நடுவில். அதற்கப்புறம் எந்தக் கழி எதன்மேல் என்று நான்தான் சொன்னேன். நெசவுக்காரிக்குச் சொல்லியா தரவேண்டும்? ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று மேலே, ஒன்று கீழே. துணி நிற்பது அப்படித்தானே. கீழ்க்கழி ஆறும் முட்டின்மேல், மேல்கழி ஆறும் அவற்றின்மேல்; பன்னிரண்டும் கணக்காக முடிந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. முட்டுக் கழியை எடுத்ததும் கீழே இருந்த ஆறு கழியும் சரிய, மேலே இருந்த ஆறும் அவற்றின்மேல் விழுந்தன. லோகநாதன் தோளில் ஒன்று பட்டது. ஒரு கழி இரண்டாக ஒடிந்தது.

வேதாசலம் மாமா ஓடிவந்து தம்பியின் தோளைத் தடவிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைக்குள் தறியைத் தூக்கிவிடலாம், ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவருக்கு வசதியாகப் போய்விடும் என்று அழவில்லை. ஆள் வேண்டாம், நாளைக்கு இன்னொரு தடவை ஏறப்போகிறோம் என்றேன்.

மீதி இருந்தது பதினோரு கழி. தரையில் வட்டமாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று வைத்துக்கொண்டு வந்தால் கடைசியில் இரண்டு மேல்கழி பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கிறது. திருப்பிப் போட்டேன், மறுபடியும் அதேதான். பதினொன்றை எப்படிப் போட்டாலும் ஜோடி சேராது. கழியைக் காலால் எட்டி உதைத்தேன். வெற்றிலை போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த செல்லம்மாள், அந்த நாலு ஆம்பளைங்களும் எப்படிப் படுத்தார்கள் என்று தம்பியைக் கேட்டாள். ஒருத்தன் மேல் ஒருத்தன் என்றான் அவன்.

"அதுல எவனாவது ரெண்டு பேரைத் தாங்கினானா?"

"இல்ல. ஆளுக்கு ஒருத்தன்தான்."

அட, என் புத்தியே! நான் ஆறு கழியின் தலையில் ஆளுக்கு இரண்டு பாரத்தை ஏற்றிவிட்டு, அந்த ஆறையும் எதன்மேலும் வைக்காமல் விட்டிருக்கிறேன். இருபது வருஷமாகத் தறியில் பழகிய கை, வேறு எதையும் யோசிக்கவில்லை. மேலும் கீழும் வேண்டாம். எல்லாக் கழியும் தனக்கு முன்னால் போட்ட கழிமேல் படுக்க வேண்டும். கடைசிக் கழியை, முதல் கழியைக் கொஞ்சம் தூக்கி அதற்கடியில் செருக வேண்டும். இப்படிப் போட்டால் பதினொன்றானால் என்ன, பதின்மூன்றானால் என்ன!

வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் பதினொன்றையும் ஏற்றி, ஈர வாரால் கட்டி, மூங்கில் பத்தை வரிந்து, கரும்புத் தோகை வேய்ந்துவிட்டோம். தெருவில் பாதிப் பேர் தோகைக் கட்டு தூக்கிக் கொடுத்தார்கள், சிரித்துக்கொண்டேதான். முட்டுக் கழியை மட்டும் எடுக்கவில்லை. வார் காயட்டும், ஒரு மாசம் இருக்கட்டும் என்றான் லோகநாதன். அவன் தோள் வீங்கியிருந்தது; பயப்படுகிறான் என்று தெரிந்தது. எனக்கும்தான் பயம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தார். நடுவில் கால் நிற்கிறதே, தறியை எங்கே போடுவாய் என்று கேட்டார். அது முட்டுதான், எடுத்துவிடுவேன் என்றேன். எடுத்துத் தறி ஓடினால் கார்டு, இல்லாவிட்டால் அடுத்த வருஷம், மற்ற தெருவெல்லாம் பார்த்துவிட்டு நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லோகநாதன் கயிறு கட்டி வெளியிலிருந்து இழுக்கலாம் என்றான். வேண்டாம் என்றேன். வெளியில் நின்று இழுத்த கூரைக்குக் கீழே நாளைக்கு நான் மட்டும் எப்படி நம்பி உட்காருவேன்? எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்தேன். முட்டு குழிக்குள்ளேயே, என் காலுக்கு எட்டுகிற தூரத்தில் நின்றது. மிதியை மிதிக்கிற இரண்டு காலையும் அதன் அடியில் வைத்து ஓங்கி உதைத்தேன்.

முட்டு விழுந்தது. கூரை முனகிக்கொண்டே நாலு விரற்கடை இறங்கியது. தோகைத் தூசி தலையெல்லாம் கொட்டியது. இறங்கினது நின்றது. கழிகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டன. வெளியிலிருந்து செல்லம்மாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எனக்கு இருமல்தான் வந்தது.

நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தபோது, தறியை உள்ளே கொண்டுவந்து போட்டு ஒரு முழம் நெய்திருந்தேன். இப்போது குடையை மடக்கி உள்ளே வந்து, அண்ணாந்து கழிகளை எண்ணினார், உட்கார்ந்து பேப்பரை எடுத்தார். சாட்சிக் கையெழுத்துக்குத் தெருப் பெரியவர் வேண்டும் என்றார். தெருப் பெரியவர் வேதாசலம் மாமாதான். வாசலில் நின்றபடியே, பேப்பரை வெளியே கொடுங்கள், போட்டுத் தருகிறேன் என்றார். தறியைப் பார்த்துவிட்டுப் போடவேண்டிய கையெழுத்து, உள்ளே வாருங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். மாமா தலையில் கையை வைத்துக்கொண்டு குனிந்து உள்ளே வந்தார். நான் குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவை எறிந்துகொண்டே இருந்தேன்.

கையெழுத்துப் போட்டு முடித்ததும், யார் பேரில் எழுத என்று இன்ஸ்பெக்டர் பொதுவாகக் கேட்டார்.

"பரந்தாமன் சம்சாரம்னு போட்டுக்குங்க" என்றார் மாமா.

தறியை நிறுத்தினேன்.

"கமலம்" என்றேன். "கார்டு என் பேர்ல எழுதுங்க சார். எங்க வீட்டுக்காரர் பேரு கீழ இருக்கட்டும்."

மாமா என்னைப் பார்த்தார், அப்புறம் கூரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, க-வா, கா-வா என்று கேட்டார். எனக்கு எழுத்துத் தெரியாது. வெளியில் நின்ற என் தம்பி உரக்கச் சொன்னான்.